எழுபத்தொரு டிகிரி

நான் பொய்யான அளவைச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

புதிதாக வரும் கம்ப்யூட்டர் ப்ராசஸர்கள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன, எவ்வளவு சூடாகின்றன என்று சோதித்து வீடியோ போடுபவன் நான். அன்னவாசலில் என் மாடியறைதான் சோதனைக்கூடம். விற்பனைக்கு வருமுன்பே ஒரு நிறுவனம் எனக்கு ஒன்றை அனுப்பியது. எனக்கு! அந்தப் பெருமை என்னை என்ன செய்தது என்று கேளுங்கள்.

சித்திரை வெயில். பெட்டியோடு வந்த சின்ன ஃபேனை மாட்டி ப்ராசஸரை முழுவேகத்தில் ஓடவிட்டேன். பெட்டியில் போட்டிருந்ததைப் போல இரு மடங்கு மின்சாரத்தை இழுத்தது. சூடு நூறு டிகிரியைத் தாண்டியதும் கணினி அணைந்தே போனது. மூன்று முறையும் அப்படியே... இதைச் சொன்னால் அடுத்த ப்ராசஸர் எனக்கு வருமா?

ஏசியைப் போட்டேன். கணினிக் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றினேன். எழுபத்தொன்று!

"நம்ம ஊரு வெயில்ல, ஏசி இல்லாம எடுத்த ரிசல்ட்டுங்க. இந்த ஃபேனே போதும்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

மணமேல்குடியில், தகரக் கூரை போட்ட சின்னக் கடையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துவந்த செல்வி அக்கா அதை நம்பி அதே ப்ராசஸரை வாங்கினார்.

"தம்பி, மத்தியானமானா தானா ஆஃப் ஆயிருதுங்க." போனில் அழாத குறை. தூசி அடைத்திருக்கும் என்றேன்.

கணினியைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி வந்தார். அதே குளிர் அறையில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினேன். அணையவில்லை... அங்கே அணையாது என்று எனக்குத் தெரியாதா?

"அப்ப நாந்தான் ஏதோ தப்பாப் பண்றேன் போல. ஒங்களச் சிரமப்படுத்திட்டேன் தம்பி."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! நான் தலையாட்டினேன். பெரிய ஃபேனாக மாட்டுங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை... அதைச் சொன்னால் என் வீடியோ பொய்யாகிவிடுமே!

சொன்ன நாளில் வீடியோ தர முடியாமல் அக்காவுக்கு ஒரு கல்யாண வீடு கைவிட்டுப் போனது. பிறகு இன்னொன்று. மூன்றாவது வீட்டார் கடைவாசலில் நின்று வைதார்களாம். ஆவணியில் கடையை மூடினார். இப்போது இறால் கம்பெனியில் தோலுரிக்கும் வேலை.

போன வாரம் அழைத்தார்.

"தங்கச்சி மக காலேஜ் சேருது தம்பி. எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்? ஒங்கள விட்டா எனக்கு யாரத் தெரியும்?"

சொன்னேன். நல்லதாகப் பொறுக்கியே சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன்.

"நல்லா இருங்க தம்பி" என்று வைத்துவிட்டார். நான் வெகுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை...