நான் மதுரைக்காரனாக இருந்த வகுப்பு

ஒஸ்லோ நகர மையத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அந்த மொழிப் பள்ளி இருந்தது. செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்கு ஸ்பானிய வகுப்பு. படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் ஸ்பெயினில் கோடைக்கால வீடு வாங்கிய, அல்லது வாங்க நினைத்த நோர்வேஜியர்கள். எனக்கு அப்படி எண்ணம் எதுவும் இல்லை. நோர்வேஜிய மொழியை அகதி விண்ணப்பத்துக்காகவும் வேலைக்காகவும் படித்திருந்தேன். தேவையே இல்லாமல் ஒரு மொழியைப் படித்துப் பார்க்கும் ஆசை, ஒஸ்லோ தபால் நிலையத்தில் ஆறு வருடம் தபால் பிரிக்கும் வேலை செய்த பிறகு வந்தது. அதற்கு முன் திருகோணமலையிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் ஆசிரியை எங்களை வட்டமாக உட்காரவைத்து, எந்த நாடு என்று ஒவ்வொருவரையும் ஸ்பானியத்தில் சொல்லச் சொன்னார். அந்த வருடங்களில் எங்கள் நாட்டின் சமாதானப் பேச்சுக்கு நோர்வே நடுவராக இருந்தது. இலங்கை என்று சொன்னால் அடுத்த கேள்வி தெரிந்ததுதான்: நீ எந்தப் பக்கம்? வேலையிடத்திலும், ரயிலிலும், வாயைத் திறந்தபடி பல் வைத்தியரின் நாற்காலியிலும் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். என் முறை வந்ததும் “இந்தியா” என்றேன். ஒருவர் யோகாவைப் பற்றி ஏதோ சொன்னார். வேறு கேள்வி இல்லை. அந்த இலகு எனக்குப் பிடித்திருந்தது.

பெயர், வயது, ஊர். செய்தி எழுதும்போது இந்த மூன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தவன் நான்.

நான்காம் வாரம் சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்த ஒரு பெண் சேர்ந்தாள். உன் நாட்டுக்காரர் என்று சொல்லி ஆசிரியை அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“தமிழா சார்? எந்த ஊரு?”

“மதுரைங்க,” என்றேன். சினிமாவில் கேட்ட தமிழ்.

“மதுரைல எங்க?”

“கோயிலுக்குப் பக்கத்துல.”

“அப்ப தினம் சாமி கும்பிட்டுருவீங்க.”

“ஓம்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஒரு சிலோன் அக்கா இருக்காங்க சார். அவங்களும் உங்களை மாதிரியே ஆமாங்கிறதுக்கு ஓம் ஓம்னுதான் சொல்வாங்க.”

ஏன் பொய் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு நியாயம் தயாராக வைத்திருந்தேன். அன்று ஆசிரியை எங்கள் இருவரையும் பேசிக்காட்டச் சொன்னபோது, எங்கள் ஊர்களுக்கு நடுவே ஓர் இரவு ரயில் பயணம் என்று அவள் தட்டுத்தடுமாறி ஸ்பானியத்தில் சொன்னாள். வகுப்பு தலையாட்டியது. என் பொய்யில் அவளும் சேர்ந்துவிட்டாள். சில வாரங்களில் சார் போய் அண்ணா ஆனேன்.

கடைசி வகுப்புக்கு எல்லோரும் தங்கள் நாட்டுச் சாப்பாடு கொண்டுவந்து, அதைப் பற்றிப் பேச வேண்டும். அது அந்தப் பள்ளியின் வழக்கம். அன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். நான் இலங்கையன், முதல் நாள் பொய் சொன்னேன் என்று ஸ்பானியத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். அப்படியிருந்தும் மனைவியிடம் இட்லி அவிக்கச் சொன்னேன்.

“இட்டலியோ? இந்த வீட்டிலை ஒருநாளும் கேக்காத சாமான். ஏனப்பா, எங்கட இடியப்பத்துக்கு என்ன குறை?”

“அவையளுக்கு இட்டலிதான் தெரியும்.”

“ஏன், உங்கட வகுப்பு முழுக்க இந்தியாக்காரரோ?”

நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். நாங்கள் குடியிருந்த ஹவுகெட்டோவில், பக்கத்துக் கட்டிடத்தில் இட்லித் தட்டு இரவல் வாங்கி அவள் அவித்துத் தந்தாள்.

வகுப்பில் சென்னைப் பெண் ஒரு காகிதப் பெட்டியை என் முன்னால் வைத்துத் திறந்தாள். மீன் ரோல்ஸ், இலங்கைத் தமிழர் கடையில் வாங்கியது.

“உங்க ஊர் ஐட்டம்னு கடைல சொன்னாங்கண்ணா. நான் வெஜிடேரியன், டேஸ்ட் பார்க்கல. இன்னைக்காவது உண்மையைச் சொல்லிடுங்க.”

ஆசிரியை ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்து, கண்களை விரித்து, இது எந்த நாட்டுச் சாப்பாடு என்று என்னைக் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுக்கத் தேவையில்லை, மனப்பாடமாக இருந்தது.

“இந்தியா,” என்றேன்.

ஆசிரியை பலகையில் நாடுவாரியாக எழுதியிருந்த பட்டியலில் இந்தியாவுக்குக் கீழே அதையும் எழுதினார். சென்னைப் பெண் என் பெட்டியிலிருந்து ஓர் இட்லியை எடுத்து, முழுவதையும் சாப்பிட்டாள்.

படியிறங்கும்போது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவள், கதவைத் திறந்து பிடித்தபடி திரும்பினாள்.

“இட்லி நல்லா இருந்துச்சு, சார்,” என்றாள்.