நானூற்றுப் பதினெட்டாம் வாக்காளர்

யூன் மாதம் பிறந்தால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறிவிடும். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வாக்காளர் படிவங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். வீட்டுக்கு ஒன்று. அந்த வீட்டில் பதினெட்டு வயது தாண்டியவர்கள் யார் யார், போன வருடத்துக்குப் பிறகு யார் செத்தார்கள், யார் வந்து சேர்ந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் எங்கள் சனம் இருக்கிறதே! "வைச்சிட்டுப் போங்கோ விதானையார், பேந்து பாப்பம்" என்று படிவத்தை முகட்டில் செருகிவிட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விடும். மகனின் முழுப்பெயர் என்னவென்று கேட்டால், "அப்பன் எண்டுதானே கூப்பிடுறனாங்கள்" என்று பல்லைக் காட்டும்.

அறுபத்து மூன்றாம் ஆண்டில் உரும்பிராய்க்கு நான் கிராம சேவகராக வந்தேன். அரசாங்கம் பெயரை மாற்றினாலும் சனத்துக்கு நான் விதானையார்தான். இப்போது எண்பத்தோராம் ஆண்டு. இத்தனை வருடம் என் வாக்காளர் இடாப்பு ஒழுங்காக இருந்ததென்றால் அதற்குக் காரணம் நானல்ல, ஊர்ப்பெண் இராசமலர். அவளுடைய கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் எல்லா வீட்டுப் படிவத்தையும் அவளே எழுதிக் கொடுப்பாள். ஒரு சதம் வாங்கியதில்லை. எந்த வீட்டுப் பெடிச்சிக்கு எப்போது பதினெட்டு நிறைகிறது என்று தாய்க்கு முதல் அவளுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அதனால் தாய் வீட்டில் பெயரை வெட்டவேண்டும், பெண் வீட்டில் எழுதவேண்டும். ஒரு பக்கம் மறந்தாலும் தொலைந்தது. ஒன்றில் மாப்பிள்ளை இரண்டு ஊரில் இருப்பான், அல்லது ஒரு ஊரிலும் இருக்கமாட்டான். இந்த இழவுக் கணக்கில் இராசமலர் ஒருநாளும் பிழை விட்டதில்லை. தன் வீட்டில் மட்டும் விட்டாள்.

அறுபத்து நாலில் அவளுக்குச் சுன்னாகத்திலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை பெயர் சோமசேகரம். கொழும்பில் கந்தோர் உத்தியோகம். தரகர் படத்தைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோனார். பிறகு பெண் பார்க்க ஒருதரம் வந்தான். அவள் குனிந்த தலையோடு தேத்தண்ணி கொடுத்தாள். ஆவணியில் கலியாணம் என்று நாள் வைத்தார்கள். இடையில் யூன் வந்துவிட்டது.

அவள் தாய் மீனாம்பிகைக்குப் பொறுக்கவில்லை. "ஆவணியிலை இஞ்சை வரப்போற பிள்ளை. இப்ப எழுதாட்டி இன்னும் ஒரு வருசமெல்லோ பேரில்லாமல் நிக்கவேணும்? எழுது மலர்" என்று நெருக்கினாள். இராசமலர் தாய் பெயரை எழுதினாள், தன் பெயரை எழுதினாள், அதன்கீழ் அவன் பெயரை எழுதினாள். நான் புதிது. அவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பம் வைத்தேன். சுன்னாகத்தில் அவன் தாயும் சும்மா இருக்கவில்லை. "அவன் இனி உரும்பிராயான்தானே" என்று தன் வீட்டுப் படிவத்தில் அவனை வெட்டிவிட்டாள்.

ஆடி முடியுமுன் அவனுக்கு லண்டனில் படிக்க இடம் கிடைத்தது. கப்பலுக்கு நாள் நெருக்கம். "இரண்டு வருசம் பொறுங்கோ, வந்து கட்டுறன்" என்று ஆள் அனுப்பினான். முதல் வருடம் மூன்று கடிதம் வந்தது. அடுத்த வருடம் ஒன்று. அதற்குப் பிறகு தபால்காரன் அந்தப் படலையடியில் சைக்கிளை நிறுத்தவே இல்லை.

ஆனால் இடாப்பு அச்சாகி வந்தது. தபாற்கந்தோர் சுவரில் ஒட்டினார்கள். நானூற்றுப் பதினேழு, இராசமலர். நானூற்றுப் பதினெட்டு, சோமசேகரம். ஒன்றின்கீழ் ஒன்று. உலகத்தில் இந்த இரண்டு பெயரும் சேர்ந்திருந்த கடதாசி அது ஒன்றுதான். முத்திரை வாங்கப் போனவள் போல அவள் அங்கே போய் நின்று பார்ப்பாள். பெண்டுகள் தங்களுக்குள் இடித்துச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த யூனில் நான் சொன்னேன். "பிள்ளை, உந்தப் பேரை வெட்டு."

"ஏன் விதானையார்? வாறனெண்டுதானே சொல்லியிருக்கிறார்."

"வந்தாப்பிறகு எழுதலாமெல்லோ?"

"இஞ்சையும் வெட்டினால் அவருக்கு இலங்கையிலை எந்த வீட்டிலை பேர் இருக்கு? தாயும் வெட்டிப்போட்டா. வந்து இறங்கிற ஆளுக்கு ஒரு வீடு வேண்டாமே?"

ஒவ்வொரு வருடமும் இதே சண்டை. "உனக்கென்ன விசரே? என்ரை உத்தியோகத்துக்கு உலை வைக்கப் போறாய்" என்று கத்துவேன். "இந்த ஒரு முறை விதானையார்" என்பாள். குரல் மட்டும் உயராது. நான் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு வருவேன். வெட்டுவதென்றால் நானே ஒரு கோடு இழுத்திருக்கலாம். பேனையை எடுப்பேன், வைப்பேன். என் கையாலாகாத்தனத்தை நினைக்க எனக்கே வெட்கம்.

அறுபத்தேழில் மீனாம்பிகை செத்துப்போனாள். அந்த வருடப் படிவத்தில் தாயின் பெயரை இராசமலர் தன் கையாலேயே வெட்டினாள். கீழே அவன் பெயரைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு வாக்காளர்கள். ஒருத்தி இருந்தாள், ஒருவன் எழுத்தில் இருந்தான். அவன் அங்கே ஒரு வெள்ளைக்காரத் தாதியைக் கட்டிவிட்டானென்று சுன்னாகச் சந்தையில் கதை அடிபட்டது. அவள் காதிலும் விழுந்திருக்கும். இன்னொரு இடம் பேசி வந்தவர்களை, "எங்கடை வீட்டிலை ஆள் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எழுபதாம் ஆண்டு மே மாதம் தேர்தல் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாக்குச் சாவடி. எனக்கும் அங்கேதான் வேலை. காலையில் தண்ணீர்க் குடம் நிரப்புவிக்கக் கிணற்றடிக்குப் போன கொஞ்ச நேரம்தான் நான் அங்கே இல்லை. பத்து மணிபோல இராசமலர் வந்து வாக்குப் போட்டாள். வெளியே வரும்போது வாசலில் இடாப்போடு குந்தியிருந்த ஒரு கட்சிக்காரப் பெடியன், வேறு ஊரான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னான்.

"அக்கா, உங்கடை வீட்டு வோட்டு ரெண்டும் முடிஞ்சுது. அண்ணை வெள்ளெனவே வந்து போட்டிட்டுப் போட்டார்."

"எந்த அண்ணை?"

"நானூற்றுப் பதினெட்டு. சோமசேகரம். உங்கடை அவர்தானே?"

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், குடையையும் மறந்துவிட்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போனாள்.

கள்ளவோட்டு. வேறென்ன? விசாரித்தேன். நீலச் சேட்டுப் போட்ட ஒருவன் எட்டு மணிக்கு வந்து, பெயரைச் சொல்லி வாக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஊரில் இல்லாதவன் பெயர் கிடந்தால் விடுவார்களா? முறைப்பாடு செய்யவும் வழியில்லை, செய்தால் முதலில் உருள்வது என் தலை. இடத்தை விட்டு அசையவும் முடியாமல் அந்தப் பகல் முழுக்க நெருப்பில் நின்றேன்.

பெட்டியை முத்திரை வைத்து அனுப்பிவிட்டு நேரே அவள் வீட்டுக்குச் சைக்கிளை விட்டேன். இன்னும் பொழுது படவில்லை. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. அவள் நல்ல சேலை உடுத்துத் தலையில் பூ வைத்திருந்தாள். அடுக்களையிலிருந்து பாயச மணம் வந்தது.

"வாங்கோ விதானையார், இருங்கோ. சுன்னாகத்துக்குத் தாயைப் பாக்கப் போயிருப்பார். பஸ்ஸிலை வந்திடுவார்."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "அவனும் வரேல்லை, இவனும் வரேல்லை! அது கள்ளவோட்டடி பிள்ளை! ஆரோ ஒரு நாய் வந்து உன்ரை சோமசேகரத்தின்ரை பேரிலை போட்டிட்டுப் போட்டுது!" என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டேன். கத்திய பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "பேரைக் கூப்பிட, அவன் ஓம், நான்தானெண்டு சொன்னவனோ?"

"சொல்லாமல் விடுவாங்களே? சொல்லித்தான் இருப்பான்."

"ஆறு வருசத்திலை அந்தப் பேருக்கு ஒருத்தன் ஓம் எண்டிருக்கிறான்" என்றாள்.

பிறகு எழும்பிப் போய் வாழையிலை போட்டாள். "சமைச்சது கிடக்கு. சாப்பிட்டிட்டுப் போங்கோ." வாழைக்காய்ப் பொரியல், பயித்தங்காய்ப் பால்கறி, அப்பளம், பாயசம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாமென்று சொல்ல என்னால் முடியவில்லை. நான் சாப்பிட்டு முடியும்வரை அவள் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் யூன். ஊர்ப் படிவங்களையெல்லாம் எழுதி அடுக்கி என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள். அவளுடையதை உருவிப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. வருடா வருடம் வெட்டு வெட்டு என்று கத்திய எனக்குச் சந்தோசம் வரவேண்டும். வரவில்லை.

"என்ன பிள்ளை, எழுத மறந்துபோனியே?"

"மறக்கேல்லை."

"அந்தக் கள்ளப் பயல் செய்த வேலைக்காகவோ? அதை நீ மனசிலை வையாதை. இந்த முறை நான் ஒண்டும் கதைக்கமாட்டன், எழுது."

அவள் தலையை ஆட்டினாள். "அண்டைக்கு அடுப்படியிலை நிண்டு, வந்தவுடனை என்ன சொல்லவேணுமெண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான், விதானையார். அவரின்ரை முகத்தை நினைச்சுப் பாத்தன். வரேல்லை. எவ்வளவு யோசிச்சும் வரேல்லை. அந்த நீலச் சேட்டுக்காரன் படலையைத் திறந்து வந்து நான்தான் சோமசேகரம் எண்டு சொல்லியிருந்தால், இருத்திச் சோறு போட்டிருப்பன்."

படிவத்தை என் பக்கமாகத் தள்ளி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். நான் வைத்தேன்.