மீன்களுக்கு அப்பா போட்ட தீனி

அம்மா இறந்த பிறகு அப்பாவைக் களக்காட்டிலிருந்து தச்சநல்லூருக்கு அழைத்து வந்தோம். வாழைத்தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பகலில் நானும் என் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். காலமெல்லாம் தண்ணீர் பாய்ச்சியும் தார் வெட்டியும் வாழ்ந்த மனிதர், எங்கள் முன்னறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாத்தாவுக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று, விடுமுறையில் வந்த மகள்தான் கண்ணாடித் தொட்டியும் நாலைந்து தங்கமீன்களும் இரண்டு கறுப்பு மோலி மீன்களும் வாங்கி வைத்தாள்.

"கொழம்பும் வைக்க முடியாது. இத வச்சி என்ன செய்ய?" என்றார் அப்பா. ஆனால் அந்த வாரமே நாற்காலி தெருப்பக்கத்திலிருந்து தொட்டிப்பக்கம் திரும்பிவிட்டது.

காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு மகள் ஊருக்குப் போனாள். கொஞ்ச நாளில் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீரைப் போல வெளுத்தது. ஒரு தங்கமீன் மல்லாந்து மிதந்தது. ஜங்ஷன் பக்கம் மீன் வாங்கிய கடையில் போய்க் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி, "தீனி கூடிட்டு, அக்கா. தின்னாத தீனி அடியில கெடந்து அழுகுது. கொறைங்க" என்றார்.

வீட்டில் விசாரணை நடந்தது. கணவர், வேலைவிட்டு வந்ததும் தானும் கொஞ்சம் போடுவதாக ஒப்புக்கொண்டார். "நம்மளப் பாத்தா வாயத் தொறந்துகிட்டு வருது. எப்படிப் போடாம இருக்க?" இனி அப்பா மட்டும்தான் போடுவது என்று முடிவாயிற்று. பாதித் தண்ணீரை மாற்றினோம். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை இருக்கும் என்பதால், பிடித்து ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்றினோம். அப்படியும் அடுத்த வாரமே தொட்டி கலங்கியது. இன்னொரு மீன் செத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னறையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து போய் டப்பாவைத் திறந்து தீனி போட்டார். வந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தார். ஒரு பக்கம் படித்திருப்பார். மறுபடியும் எழுந்து போய்ப் போட்டார். நான் காயை நறுக்கி முடிப்பதற்குள் மூன்றாம் முறையும் எழுந்தார்.

"யப்பா, இப்பதான போட்டீங்க?"

"யாரு, நானா? இன்னைக்கு இன்னும் தொட்டிப்பக்கமே போவலியே."

கையில் டப்பாவோடு நின்றுகொண்டுதான் சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை. அம்மா போன துக்கம் என்றும், வயசு என்றும் நாங்கள் தள்ளிவிட்ட எத்தனையோ சங்கதிகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. சாப்பிட்ட பிறகு "சோறு ஆயிட்டா?" என்று கேட்டது. பக்கத்துத் தெருவில் வழி தெரியாமல் நின்றது.

பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டினோம். மறதி நோய், ஆரம்பநிலை, மாத்திரையால் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், குணமாக்க முடியாது என்றார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "காப்பி குடிப்பமா?" என்றார்.

மீன் விஷயத்துக்கு முதலில் டப்பாவை ஒளித்து வைத்தோம். அன்று சாயங்காலம் வந்து பார்த்தால் சமையலறை முழுக்கக் கலைந்து கிடக்கிறது. தொட்டியில் இட்லித் துண்டுகள் மிதக்கின்றன. "வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்கு. ஒருத்தருக்கும் நெஞ்சுல ஈரம் இல்ல" என்று என்னிடம் கத்தினார். அவர் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அதன்பின் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் டப்பாவில் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பத்து மணிக்குள் காலியாகிவிடும். தீனி தீர்ந்துபோயிற்று, வாங்கி வா என்று ஆபீசுக்கு ஓயாமல் போன் வரும்.

அடுத்த ஞாயிறு தண்ணீர் மாற்றும்போது அப்பா ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்: "நான் எத்தன தடவ போடுதேன்னு எனக்கு நெனப்பு நிக்கல. அதான டப்பாவுல நீ கொஞ்சமா வச்சிட்டுப் போற?"

மழுப்ப முடியவில்லை. "ஆமாப்பா."

"சரிதான். செத்துப்போவுதுல்லா." குழாயில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆனா ஏளா, டப்பாவக் காலியா மட்டும் விட்ராத. தொறந்தா ஒண்ணும் இல்லன்னா எனக்கு நெஞ்சு படபடன்னு வருது."

அன்றே மேசையில் இருந்த கண்ணாடி உப்புக்குப்பியை எடுத்துக் கழுவிக் காயவைத்தேன். மூடியில் இருந்த ஓட்டைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை உள்பக்கமாக டேப் ஒட்டி அடைத்தோம். நானும் கணவரும் பழைய பேப்பரை விரித்து, தீனியைப் பொடித்துப் பொடித்துக் கொட்டி, குலுக்கிக் குலுக்கிப் பார்த்தோம். ரொம்பப் பொடித்தால் மாவாகக் கொட்டியது. பெரிதாக இருந்தால் அடைத்துக்கொண்டது. கடைசியில் ஒரு குலுக்கலுக்கு ஒன்றிரண்டு துணுக்கு மட்டும் விழும் பதம் கிடைத்தது. குப்பி நிறையத் தீனி. கண்ணாடி வழியாகத் தெரியும். அப்பா எத்தனை தடவை எழுந்து போய்க் குலுக்கினாலும் மீன்களுக்கு அளவாகத்தான் போகும்.

குப்பியை அவரிடம் கொடுத்தபோது குலுக்கிப் பார்த்துவிட்டு, "சவம், பைய விழுது" என்று அலுத்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. தண்ணீர் தெளிந்தது. அதற்குப் பிறகு ஒரு மீனும் சாகவில்லை.

இது போன வருஷம். இப்போது சில நாள் என்னை அம்மா என்று நினைத்துப் பேசுகிறார். மாத்திரை விழுங்கவைக்கப் பாடாய்ப் படுகிறோம். மீன் வேலையை மட்டும் விடவில்லை. போன வாரம் "ஏளா, ஓடி வா, ஓடி வா" என்று சத்தம் போட்டார். மோலி குட்டி போட்டிருந்தது. அது முட்டையிடாத ஜாதி. கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, தொட்டியில் இருந்த செடி இடுக்கில் கண்ணும் வாலுமாக நின்றன. தங்கமீன்கள் விழுங்கிவிடுமே என்று ஒரு டம்ளரால் முகந்து முகந்து பழைய ஊறுகாய் ஜாடிக்கு மாற்றினோம். அப்பா ஜாடியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுகளுக்கு எம்புட்டுப் போடணும்?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. கடையில கேட்டுட்டு வாரேன்" என்றேன். நான் செருப்பை மாட்டுவதற்குள் அவரும் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். சரி என்று கூட்டிக்கொண்டு போனேன்.