பிடுங்கியது என் கை

தியாகதுருகம் சாலையில் ஓர் அரிசி ஆலையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது முருகேசனின் தம்பி போன் செய்தான். "அண்ணே, அண்ணன் போய்ட்டாருண்ணே." நான் வழக்கம்போல, "எங்கடா போனான், கோயமுத்தூருக்கா?" என்றேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. என் வாய் அப்படி. அன்றைக்கு எனக்கே அதைப் பிடிக்கவில்லை.

அவன் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு எங்களைத் தெரியும். கள்ளக்குறிச்சியைச் சுற்றி அலுவலகங்களில் அவன் கம்ப்யூட்டர் பார்ப்பான். அதே இடங்களில் நான் இன்வெர்ட்டர் போடுவேன். அவன் டிப்ளமா, நான் ஐந்தாவது. சண்டை போட்டுக்கொண்டே ஒரே வண்டியில் போவோம்.

வெள்ளிமலையில் சாமை விவசாயிகள் சங்கத்துக்கு ஒரே பெட்டிக்குள் நாலு கம்ப்யூட்டர் ஓட்டித் தருவதாக ஒத்துக்கொண்டான். அதற்கு ஏதோ பெயர் சொல்வான், என் வாயில் நுழையாது.

"ஒரு வூட்டுல நாலு குடித்தனம் மாதிரிய்யா."

"கக்கூஸ் ஒண்ணா, நாலா?"

"உனுக்குப் போய் சொன்னேன் பாரு."

இலவசமாகக் கிடைக்கும் மூன்று மென்பொருளை, அவன் வீட்டுப் பழைய பெட்டியிலும் சங்க அலுவலகப் பெட்டியிலும் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தான். ஒன்று அலுவலகத்தில் பறந்தது, வீட்டுப் பெட்டியில் ஏறவே இல்லை. இன்னொன்று பாதி மெமரியைத் தானே தின்றது. அவனுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். "ஓடிக்கினு இருக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வுழுந்தா தானா எழுந்துக்குதா, அத்தப் பாரு" என்பான். மலையில் கரண்ட் அப்படி. அதனால் ஓடும்போதே ஒயரைப் பிடுங்குவதுதான் சோதனை. பிடுங்கும் வேலை எனக்கு. "படிச்சவன் பாத்துப் பாத்துப் பிடுங்குவான். கரண்ட்டு இன்னா சொல்லிட்டா போவுது? நீ பிடுங்கு."

ஒரு மத்தியானம் வெள்ளிமலை அலுவலகத்தில் மேசைக்கடியில் இரண்டு பெட்டிகள். ஒன்று சோதனைக்கு. மற்றதில் உறுப்பினர் பட்டியல் இருந்தது, நகல் எடுக்கவில்லை. "பிடுங்கு" என்றான். கேலி பேசிக்கொண்டே பிடுங்கினேன். தப்பான ஒயர். பழைய டிஸ்க், மறுபடி எழவில்லை.

செயலாளர் அம்மா ஓடி வந்தார். "இன்னா ஆச்சுங்க?"

"என் கை தவறிடுச்சிங்க" என்றான் முருகேசன்.

ஜீப்பில் மலை இறங்கும்போது, "ஏன்யா பொய் சொன்ன?" என்றேன்.

"நகல் எடுக்காம சோதனை வெச்சது யாரு? மூடிக்கினு வா."

மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரே தடவை.

பட்டியலை அவர்கள் ஊர் ஊராக நடந்து மறுபடி எழுதினார்கள். அவனை அப்புறம் கூப்பிடவில்லை. கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் நிற்கும் பக்கம் அவன் டீ குடிக்கக்கூட வரமாட்டான். நான் மட்டும் இன்வெர்ட்டர் பார்க்க மலையேறினேன். "அந்தக் கவனமில்லாத ஆளு எப்படிங்க இருக்காரு?" என்று அந்த அம்மா கேட்பார். நானும் சிரித்து வைப்பேன்.

சங்கத்துக்காரர்களே, அன்று பிடுங்கியது என் கை. அவன் காது கேட்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் அவன் வீட்டில் நான் ஒயர் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். எதற்கென்று கேட்டதில்லை. காரியம் முடிந்து அவன் மனைவி ஒரு தாளைக் கொடுத்தார். மென்பொருளுக்கு ஒன்றாக மூன்று கட்டம், மேலே ஆங்கிலம். மூன்றாவது கட்டத்தில், நான் பிடுங்கி அது எழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டிக். அடியில் எனக்கும் படிக்க வருகிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறான்: 'வெள்ளிமலைக்கு இதுதான்.'

தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது.