மூன்று நாற்காலி தூரம்

தம்பி இதுவரை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. சட்டையின் மேல் பொத்தான். குளியலறைக் குழாய். மூடி இறுகிப்போன காப்பித்தூள் டப்பா. மாடிப்படி திரும்பும் இடத்தில், கட்டியவர் கணக்குத் தப்பி உயரமாக வைத்துவிட்ட அந்த ஒரு படி. பேருந்தின் முதல் படி, அதுவும் ஓட்டுநர் அவசரத்தில் இருந்த நாளில். தெருமுனை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுடைய அக்கா. மற்றவற்றை ஜெயிக்க மாத்திரை உதவியது, பயிற்சி உதவியது. அக்காவை ஜெயிக்க மருந்துக்கடையில் எதுவும் கிடைக்கவில்லை.

அக்கா ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வந்த சட்டையை விளக்குக்கு அடியில் விரித்து, நூல் தொங்குகிறதா, காலர் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பிய கோணல் தையல் ஒன்றுகூட வெளியே போனதில்லை என்று மேற்பார்வையாளரே சொல்லியிருக்கிறார். கம்பெனியில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அதே வேலையை அவள் இலவசமாகச் செய்தாள். அவளுடைய வீட்டுக்காரர் செய்தித்தாள் படிக்கும் பழக்கத்துக்கு வந்ததே அதனால்தான். முகத்தை மறைத்துக்கொள்ள வீட்டில் அதைவிட அகலமான பொருள் வேறு இல்லை.

தம்பி தையல் மெஷின் மெக்கானிக். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக நடந்தே போய் வந்தவன். நாற்பதைத் தொடுவதற்குள் முடக்குவாதம் அவனைத் தொட்டுவிட்டது. முதலில் விரல்கள் வீங்கின. பிறகு மணிக்கட்டு, முழங்கால், பாதம். காலையில் எழுந்தால் உடம்பு முழுக்கத் துருப்பிடித்த கீல்தான். இளகுவதற்குள் பாதிக் காலை போய்விடும். “ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன், எனக்கு விட மறந்துட்டேன்” என்று அவன் சொல்லிச் சிரித்தான். டாக்டரிடமும் அதையே சொன்னான். டாக்டர் சிரிக்காமல் மாத்திரை எழுதினார். இது போகிற நோய் இல்லை, கூடவே இருக்கும், ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார்.

கொஞ்ச நாளைக்கு என்று அக்கா அவனைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். கொஞ்ச நாள் நீண்டு வருஷக்கணக்கானது. முன்னறையில் அவன் கட்டில். காலையில் அவன் சட்டையில் கை வைப்பதற்குள் அக்கா பொத்தான் மாட்டி முடித்திருப்பாள். அவனாக மாட்டிக்கொண்ட நாள்களில் கம்பெனி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தையல் பிரிவுக்குப் போய்ச் சொல்லி, பேக்கிங் பிரிவுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். நாற்பது வயது ஆண்பிள்ளை சட்டை போட்டுக்கொண்டதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று புரியாமல், கேட்டவர்கள் பொதுவாக ஒரு தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பிசியோதெரபி செய்யும் பெண்தான் நடக்கச் சொன்னாள். மெதுவாக, கொஞ்சமாக, தினமும்.

“இன்னும் கொஞ்சம் போகலாமேன்னு ஆசை வரும் பாருங்க, அப்பவே திரும்பிடணும். நடந்தது சரியா தப்பான்னு மறுநாள் காலைலதான் தெரியும்” என்றாள்.

இதில் ‘நடக்கணும்’ என்ற ஒரு சொல்தான் அக்காவின் காதில் விழுந்தது. அன்று மாலையே காரியத்தில் இறங்கினாள். அழுத்தாத செருப்பு வாங்கினாள். தம்பி நடுவில் உட்கார வசதியாக மருந்துக்கடையிலும் சலூனிலும் சாவிக்கடையிலும் பேசி, வாசலில் ஆளுக்கொரு நாற்காலி போட வைத்தாள். நாற்காலி ஆடுகிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்து, சலூன் நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தாள். கூடவே மூன்று கடைக்காரர்களிடமும், தம்பி போகும்போது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று காதும் காதும் வைத்தாற்போலச் சொன்னாள். அவள் காதும் காதும் வைத்தாற்போலச் சொன்னால் எதிர்வரிசை வரைக்கும் கேட்கும்.

நடை ஆரம்பமானது. தம்பி நடக்க, அக்கா பக்கத்தில் நடந்துகொண்டே குதிகாலை வை, தோளை இறக்கு, மூச்சை விடு என்று சொல்லிக்கொண்டு போனாள். மூச்சு விடுவதற்கும் உத்தரவு வேண்டியிருந்ததை நினைத்து அவன் சிரிப்பை அடக்கியதில் இரண்டு முறை இருமல் வந்தது. அதற்கும் அவள் தண்ணீர் வைத்திருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அறை வந்து குறுக்கே நின்றது.

தெருமுனையில் திரும்பினால் மெஷின் ரிப்பேர் கடை. தம்பி பாதி நாள் அங்கே மேசையில் உட்கார்ந்து சின்னச் சின்ன வேலைகள் பார்த்தான். அக்காவின் வீட்டுக்காரர், அவனுக்கு மாமா, வண்டியில் கொண்டுபோய் விடுவார், திரும்ப அழைத்து வருவார். கடைக்குப் பின்னால் ஓர் அறை காலியானது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள், மாசக் கடைசிக்குள் வந்து கையெழுத்துப் போட்டுவிடு, இல்லாவிட்டால் நூல் மொத்த வியாபாரி பெட்டி அடுக்கக் கேட்கிறார் என்று முதலாளியம்மா அவனிடம் சொல்லியிருந்தார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே தம்பி இதைச் சொன்னான்.

அக்கா எடுத்த எடுப்பில் மறுக்கவில்லை. பார்க்காமல் திருப்பி அனுப்புவது செக்கிங் தர்மம் ஆகாது. நேரில் போய் அறையைப் பார்த்தாள். படி இல்லை. குளியலறை ஒட்டியே இருந்தது. குழாய், திருக வேண்டாத வகை; தட்டினால் திறந்தது. ஜன்னல் ஒரு விரலுக்குத் திறந்தது. குறை எதுவும் கிடைக்காதது அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

“இங்க உனக்கு என்னடா கொறைச்சல்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் கொறைச்சல் இல்லக்கா. எனக்குன்னு ஒரு கதவு வேணும். நானே சாத்தி நானே திறக்கிற கதவு.”

அக்கா உடனே நிபந்தனை போட்டாள். துணை இல்லாமல் கடை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வர வேண்டும். மறுநாள் காலையில் வீக்கம் இல்லாமல் எழுந்திருக்க வேண்டும். அது நடந்தால் அவளே பெட்டியைக் கட்டித் தருவாள். மாசக் கடைசிக்குள் இது ஆகிற காரியமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தம்பி தனியாகக் கிளம்பினான். அக்கா அவன் தனியாகப் போகிறானா என்று பார்க்கப் பின்னாலேயே கிளம்பினாள்.

அங்கேதான் சிக்கல். பிறந்ததிலிருந்து அவள் மெதுவாக நடந்ததே இல்லை. எத்தனை தயங்கித் தயங்கிப் போனாலும் நாலு கடை தாண்டுவதற்குள் அவனை இடித்துவிடும் தூரத்துக்கு வந்துவிடுவாள். உடனே பக்கத்தில் இருக்கும் கடைக்குள் நுழைந்துகொள்வாள். நுழைந்த பாவத்துக்கு எதையாவது வாங்கவும் வேண்டும். வழுக்கை விழுந்த கணவனுக்குச் சீப்பு வாங்கினாள். யாருக்கும் இல்லாத இருமலுக்கு மருந்து வாங்கினாள். பூட்டே இல்லாத அலமாரிக்குச் சாவிக்கொத்து வாங்கினாள். தபால் பெட்டிக்குப் பின்னால் ஒருமுறை ஒளிந்தாள். தபால் பெட்டிதான் அவளுக்குப் பின்னால் ஒளிந்தது போல இருந்தது.

தம்பி என்னவோ ராஜநடை போட்டான். மருந்துக்கடைப் பெண் எட்டிப் பார்த்துப் புன்னகைத்தாள்; அவன் நிமிர்ந்து நடந்தான். சலூன்காரர் கத்திரிக்கோலோடு வாசலுக்கு வந்து, இன்னிக்கு ஜோரா நடக்கிறீங்க என்றார். அவன் இன்னும் வேகமாக நடந்தான். ஒரு நாற்காலியிலும் உட்காரவில்லை. கடை வரைக்கும் போய், வாசலைத் தொட்டுவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்தான். மறுநாள் காலையில் அவனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. முழங்கால் பன்ரொட்டி போல உப்பியிருந்தது. நாலைந்து நாள் படுத்து எழுந்து மறுபடியும் போனான். மறுபடியும் அதே கதை.

சொன்னேனே என்று அக்கா சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறோம் என்பது நன்றாகத் தெரியும்படி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அன்று அவன் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டபோது அவள் மனதின் ஒரு மூலையில் நிம்மதி எட்டிப் பார்த்தது. அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட அவளுக்குக் கை வரவில்லை.

மூன்றாவது முறை அவன் கிளம்பியபோது அக்காவின் குதிகால் வேலைநிறுத்தம் செய்தது. நாள் முழுக்க நின்று சட்டை பார்த்துவிட்டு, மாலையில் ஒளிந்து ஒளிந்து நடந்தால் எந்தக் கால்தான் பொறுக்கும். சலூன் வாசல்வரை வந்தவள் அதற்குமேல் அடி எடுத்து வைக்க முடியாமல், தம்பிக்காகத் தான் போடச் சொன்ன நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கடைவரைக்கும் போய்த் திரும்பிய தம்பி எதிரே வந்து நின்றான். கையும் களவுமாக என்பார்களே, இவள் காலும் களவுமாகப் பிடிபட்டாள்.

“முடி வெட்டிக்க வந்தியாக்கா?” என்றான்.

அக்கா கழற்றிய செருப்பைக் காலால் துழாவினாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படியில் மெல்ல உட்கார்ந்தான்.

“நீ முதல் நாள்லேர்ந்து பின்னாடி வர்றது எனக்குத் தெரியும். உன் செருப்புச் சத்தம் தெருவுக்கே தெரியும். அந்தச் சத்தம் கேட்டா என் கால் தானா வேகமாயிடுது. நல்லா நடக்கிறேன்னு உனக்குக் காட்டணும்ல. தெரு பூரா பார்க்க வச்சிருக்கே. அவங்களுக்கும் காட்டணும். நாற்காலில உட்கார்ந்தா நீ தோத்துட்டான்னு சொல்லுவே. எனக்கு நடக்கத் தெரியும்கா. உனக்கு முன்னாடி மெதுவா நடக்கத்தான் தெரியலை.”

இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் பேசி அக்கா பார்த்ததில்லை.

வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் நொண்டினாள், அவன் தாங்கினான். அவன் காலை எப்படி ஊன்றி, எங்கே நின்று, எப்போது மூச்சு வாங்குகிறான் என்று அன்றுதான் அவள் கவனித்தாள். பக்கத்தில் நடந்த நாள்களிலெல்லாம் பேசிக்கொண்டே வந்ததில் அதைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் கடை கடையாக ஏறி இறங்கி, நாற்காலி இருக்கட்டும், பார்க்க மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சலூன்காரர், அப்பாடா என்றார். வாசலுக்கு ஓடி வரும் அவசரத்தில் ஒருவருடைய மீசையில் பாதி போய்விட்டதாம்.

வீக்கம் வடிந்தபிறகு தம்பி மறுபடி கிளம்பினான். அக்கா வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான். துவைத்து மடித்த துணிகளை எடுத்து நூல் தொங்குகிறதா என்று பார்த்தாள், ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். சீக்கிரமே கதவு தட்டப்பட்டது. மருந்துக்கடையோடு திரும்பிவிட்டானாம்.

“முடியலையாடா?”

“முடிஞ்சுது. போகணும்னு ஆசையாவும் இருந்துச்சு. அதான் திரும்பிட்டேன்.”

காலையில் அவனே சட்டை போட்டுக்கொண்டான். அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. நாற்காலிகளில் உட்கார்ந்தான், மருந்துக்கடைப் பெண்ணைப் பற்றியும் சலூனில் நடக்கும் அரசியல் சண்டையைப் பற்றியும் வந்து கதை சொன்னான். சலூன்வரைக்கும் போய் வந்தாலும் மறுநாள் வீக்கம் இல்லை என்ற நிலை வந்தது. ஆனால் சலூன் பாதி வழிதான். மாசமோ முடியப் போகிறது. கடைசி நாளுக்கு முந்தின இரவு சாப்பாட்டில், நிபந்தனை நிபந்தனைதான், அடுத்த வருஷம் வேறு அறை வராமலா போகும் என்று அக்கா ஆறுதலாகச் சொன்னாள். தம்பி தலையாட்டிவிட்டு எழுந்து போனான். அந்தத் தலையாட்டலை அவளால் பார்க்க முடியவில்லை.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“கடைக்குப் பின்னாடியே குடியிருக்கப் போறவன் எதுக்கு இங்க திரும்பி நடந்து வரணும்?”

அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். சலூன்வரைக்கும் போய் வருகிற தூரமும், கடைக்குப் போகிற தூரமும் ஒன்றுதான். அவள் போட்ட நிபந்தனை வேண்டியதைவிட இரண்டு மடங்கு. இத்தனை வருஷமாக ஊரார் சட்டையிலெல்லாம் குறை பார்த்தவள், தான் தைத்ததை விளக்குக்கு அடியில் வைத்துப் பார்க்கவே இல்லை. மாமா எத்தனை நாளாக இதைத் தெரிந்து வைத்திருந்தார் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள். உள்ளே போய்த் தம்பியின் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

காலையில் உடம்பு இளகியதும் தம்பி கிளம்பினான். மாமா வண்டிச் சாவியை எடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அக்கா வாசலோடு நின்றாள். வெகுநேரம் கழித்து முதலாளியம்மா போனில் கூப்பிட்டார். இன்னும் ஆளைக் காணவில்லை, நூல் வியாபாரி வந்து உட்கார்ந்திருக்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டார். அக்காவின் கால் தானாகச் செருப்பைத் தேடியது. ஒரு செருப்புக்குள் நுழைந்தும் விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை வெளியே இழுத்தாள்.

“உட்கார்ந்து உட்கார்ந்து வருவான்மா. அவன் வந்துடுவான். கொஞ்சம் காத்திருங்க” என்றாள்.

மாலையில் பெட்டியோடு போனபோது தம்பி தன் அறைக் கதவை உள்ளேயிருந்து திறந்தான். மேசைமேல் ஒப்பந்தத் தாள் இருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்தாள். பிறந்து வளர்ந்த வீட்டுக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். தொழில் கற்ற காலத்தில் தங்கிய அறைக்கு மூத்த மெக்கானிக் போட்டார். பிறகு அக்கா வீடு, அதற்கு மாமா. தம்பி தங்கின இடத்துக்கெல்லாம் வேறு யாரோதான் கையெழுத்து. பேனா பிடிக்க வராததால் அதன்மேல் துணி சுற்றிக் கொடுத்ததாக முதலாளியம்மா சொன்னார். எழுத்துகள் சாய்ந்திருந்தன, ஒவ்வொன்றும் முழுதாக இருந்தது. அதற்குக் கீழே, தன் வீட்டுக்கென்று அவன் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்ட தேதி, அவன் கையாலேயே: ஆகஸ்ட் முப்பத்தொன்று.