சத்தம் வராத சிங்கங்கள்

அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியில் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் நாங்கள் ஐந்து பேர் இருந்த அறையில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பிரெஞ்சு யாருக்கு விளங்கியது? விலங்குகள் படம்தான் பார்ப்போம். அதிலும் சிங்கம் வேட்டையாடுகிறதென்றால் எங்களில் மூத்தவரான அண்ணை சோற்றுக் கோப்பையோடு முன்னால் குந்திவிடுவார். உணவகமொன்றில் பாத்திரம் கழுவியவர். அவருக்கும் எனக்கும் விசா இல்லை. அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டிருந்தது. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் சாப்பிடும்போதும் வயிற்றுக்குள் கிடந்தது.

வரிக்குதிரைக் கூட்டத்தை ஒரு பெண்சிங்கம் துரத்தும். அண்ணை திரையின் மூலையில் விரலை வைப்பார். "ஓடுறதைப் பாக்காதையும் தம்பி. அது கலைக்க மட்டும்தான். இஞ்சை புல்லுக்கை படுத்திருக்குது பாரும், அதுதான் பிடிக்கிறது." சொன்னதுபோலவே மிரண்ட கூட்டம் நேரே அந்தப் புல்லுக்குள் போகும். ஒன்று மாட்டும். நாங்கள் அதையே பார்க்க, அவர் மற்ற வரிக்குதிரைகளைப் பார்ப்பார். கொஞ்சத் தூரம் போய் நின்று அவை மறுபடி மேயும். "உடனை மேயுது பாரும்," என்பார். குரலில் கோபமே இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

ஒரு காலை இருவரும் லா சப்பல் மெட்ரோவில் இறங்கினோம். வெளிவாசலில் இரண்டு பொலிஸ்காரர் எல்லோரும் காண நின்றார்கள். அத்தனையும் தெரிந்த அண்ணை திரும்பி, கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் போகும் நடைபாதைக்குள் விறுவிறென்று நடந்தார். நான் சப்பாத்து நாடா கட்டுவதுபோல் குனிந்து, அவரை முன்னால் போகவிட்டேன். வளைவில் நான்கு பொலிஸ்காரர் நின்றார்கள்.

சுவரோடு நிறுத்தியபோது அண்ணை என்னைப் பார்த்தார். உடனே, யாரோ ஒருவனைக் கண்டதுபோல் பார்வையை விலக்கிக்கொண்டார். நானும் விலக்கிக்கொண்டேன். அவரைச் சோதிப்பதில் இருந்தவர்கள் என்னை மறிக்கவில்லை. கடந்து போனேன். வேலைக்கு ஐந்து நிமிடம்கூடப் பிந்தவில்லை. மதியம் வயிறாரச் சாப்பிட்டேன். அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. அண்ணையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எனக்குப் பத்து வருட விசா, நகருக்கு வெளியே திரான்சியில் வீடு, சத்தம் நன்றாக வரும் பெரிய தொலைக்காட்சி. நேற்று மகள் சிங்கப் படம் போட்டாள். ஒன்று மாட்டியது. என் கண் தானாகத் தூரத்துக்குப் போனது. மற்றவை மேயத் தொடங்கியிருந்தன.

"அதுகளுக்குப் பயமில்லையா?" என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள்.

"பயம்தான்," என்றேன். என் கையில் சோற்றுக் கோப்பை இருந்தது.