கண் தெளிந்த பிறகு

என் சேக்காளியை அடக்கம் செய்த மறுநாள், மலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். ஜீப்பு வந்தது, ஏறவில்லை. பாதியில் படிப்பை விட்ட நாளிலிருந்து எத்தனையோ இடங்களை விட்டு இப்படிக் கிளம்பியிருக்கிறேன். திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது. அன்றைக்கு மட்டும் அவன் பின்னால் இருமிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. வளைவுக்கு வளைவு நின்றேன்.

ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோரில், பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தில், நாங்கள் இருவரும் அடுப்புக்கு விறகு போடுகிறவர்கள். அவனுக்கும் ஆள் கிடையாது, எனக்கும் கிடையாது. அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. அடுப்பை ஒட்டிய சூடான பக்கத்தை எப்போதும் எனக்கே விட்டுவிடுவான். கேட்டால், "நீ குளுருக்குப் பொறக்காதவன் மாப்ளே" என்பான்.

அவன் இருமலை முதலில் புகை என்றே நினைத்தோம். போடி ஆஸ்பத்திரியில் டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இருமல் குறைந்தது, சோறு இறங்கியது. அப்புறம் வாந்தி. மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனது. கண் மஞ்சளாகிவிட்டது.

"மாத்திரை ஈரலைத் தாக்கியிருக்கு. இப்போதைக்கு நிறுத்து" என்றார் டாக்டர். "கண்ணு தெளிஞ்சதும் வா, பார்த்து மறுபடி ஆரம்பிக்கணும். பச்சிலை குடிச்சாலும் குடி, வராம மட்டும் இருந்துராதே."

கீழாநெல்லி மேலே குளிரில் சரியாக முளைக்காது. ராசிங்காபுரத்துத் தோட்டங்கள் வரை இறங்கிப் பறித்து வந்தேன். அரைத்து ஆட்டுப்பாலில் கலக்கி, வெறும் வயிற்றில் குடித்தான். உப்பு, புளி, எண்ணெய் எதுவும் கூடாது. "இந்தக் கஞ்சிக்கு அந்தச் சீக்கே தேவல" என்று முகத்தைச் சுளிப்பான். கண் வெளுத்த அன்று, உடைந்த கண்ணாடியை வெயிலுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம், கெளம்பு" என்றேன்.

"சும்மா இருடா. பச்சிலை குடிச்ச ஒடம்புல இங்கிலீசு மருந்து விழுந்தா ரெண்டும் முட்டிக்கிரும். மஞ்சள ஏத்துனதே அந்த மாத்திரதான். மறுபடி அதையே திங்கச் சொல்றியா?"

"நெஞ்சுச் சீக்கு வேறடா."

"எல்லாத்தையும் சேத்துத்தான் பச்சிலை எடுத்துருச்சு. இருமுறேனா பாரு."

தோட்டத்தில் எல்லோரும் அவன் பக்கம்தான் பேசினார்கள். இழுத்துப் போய் ஜீப்பில் ஏற்றினேன். மறுபக்கமாக இறங்கி நின்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மஞ்சளை இறக்கியது இலையா, மாத்திரையை நிறுத்தியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அந்த இலை ஈரலைக் காக்குமா என்று படித்தவர்கள் ஆராய்வதாக இப்போது சொல்கிறார்கள். காக்கட்டும். அவன் ஈரல் பிழைத்துத்தான் இருந்தது. நெஞ்சுதான் பிழைக்கவில்லை. மழை பிடித்தபோது இருமல் திரும்பியது, ரத்தத்தோடு. மறுபடி கொடுத்த மருந்து அவனை எட்டவில்லை.

இப்போது எனக்கென்று ஒரு வீடு இருக்கிறது. பனிக்காலத்தில் படுத்தால், சூடான பக்கம் எது என்று உடம்பு இன்னும் தேடுகிறது. அதை விட்டுக்கொடுக்கிற ஆள் அதற்கப்புறம் அமையவில்லை.

மலையிறங்கிய அன்று இரவு ராசிங்காபுரத்தில் தங்கினேன். காலையில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் களையெடுக்க ஆள் தேடினார்கள். அது பெண்கள் வேலை. எனக்குச் சோறு வேண்டியிருந்தது, இறங்கினேன்.

"என்ன அண்ணே, சேலை கட்டாம வந்துட்டீக?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே என் வரிசையை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கீழாநெல்லிய விட்டுட்டு விட்டுட்டுப் போறீக. அதுவும் களைதான். வெரசா புடுங்குங்க."

திரும்பி வந்து ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டேன்.